சாமான் கொடுத்தவருக்குக் காசு எப்போது?



பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பசறை வழியாக வரும் ஏ 5 வீதி எங்கள் லுணுகலையைக் கடந்து பிபிலை, மகா ஓயா போய், மட்டக்களப்பின் செங்கலடியில் முடிகிறது. இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் பலர் அந்த வீதியின் மறுமுனையில் இருப்பவர்கள். இன்னும் சிலர் 1977க்குப் பிறகு இங்கிருந்து வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள். ஆகவே லுணுகலைக் கதை என்றாலும் உங்களுக்கு அந்நியமாக இராது என்று நம்புகிறேன்.

எனது வேலைப் பிரதேசத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு சிறு குழு வைத்திருக்கிறார்கள். ஐவர் தோட்டத்துப் பெண்கள். ஒருவர் கிராமத்துச் சிங்கள அக்கா. மற்றவர் 2009இல் வன்னியில் கணவரைப் பறிகொடுத்து, முகாமில் இருந்துவிட்டு, இங்கே அண்ணனின் லயத்துக்குத் திரும்பி வந்தவர். வீட்டுத் தோட்டத்து மிளகையும் கோப்பியையும் வாங்கி, காய வைத்து, இடித்து, 100 கிராம் பக்கற்றாக அடைக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டார். லேபலில் திகதி, நிறை, விலை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. தரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்கள் வீட்டிலும் அந்தத் தூள்தான்.

நகரத்தில் சில கிளைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய கடை இவர்களிடம் 120 பக்கற் மிளகுத்தூள் எடுத்தது. ஒன்று 250 ரூபாய். மொத்தம் 30,000 ரூபாய். "ஒரு மாசத்துல காசு" என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. காசு வந்தது 83ஆம் நாள். வந்ததும் 24,750 ரூபாய்தான். 9 பக்கற் பழுதாகித் திரும்பியது என்று 2,250 ரூபாய் வெட்டியிருந்தார்கள். அந்த 9 பக்கற்றையும் எவரும் கண்ணால் காணவில்லை. புத்தாண்டு விலைக்கழிவுக்கு என்று இன்னும் 3,000 ரூபாய் பிடித்திருந்தார்கள். கழிவு கொடுத்தது கடை, அதன் பெயரில் கூட்டம் சேர்ந்ததும் கடைக்கு. செலவு மட்டும் மிளகு இடித்தவர்களுக்கு.

83 நாள் என்பது பெரிய கடைக்கு ஒரு கணக்குப் பிரிவின் தாமதம். நுண்கடன் எடுத்து மிளகு வாங்கிய பெண்ணுக்கோ அது பதினொரு வாரத் தவணை. கடன் வசூலிக்க வருபவர் 83 நாள் காத்திருக்க மாட்டார் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஏன் கேட்கவில்லை?" என்று வினவினேன். வன்னியிலிருந்து வந்த அக்கா சிரித்தார். "கேட்டா அடுத்த முறை சாமான் எடுக்க மாட்டாங்க மிஸ். எங்களுக்கு அந்த ஒரு கடைதானே. அவங்களுக்கு எங்களைப் போல நூறு பேர்."

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் சந்தை, போட்டி, அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அக்கா சொன்ன மூன்று வரியில் அத்தனையும் அடங்கிவிட்டது. போட்டி என்றால் கடைக்காரர்கள் ஒருவரோடொருவர் விலையைக் குறைத்து எங்களுக்கு விற்பது என்றே பொதுவாக நினைக்கிறோம். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எங்களிடம் வாங்குவதற்கும் பலர் போட்டியிட வேண்டும். வாங்குபவர் ஒருவர்தான் என்றால் அவர் வைத்ததே சட்டம். தோட்டத்தில் ஒரே ஒரு கடை இருந்து, அங்கேயே கடன் கொப்பியில் அரிசி எடுத்த எங்கள் பாட்டிமாருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

சரி, நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1987இல் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஒன்று வந்தது. ஒரு கம்பனி தனியுரிமையாக வளர்வதையும், கம்பனிகள் ஒன்றோடொன்று இணைவதையும் அந்த ஆணைக்குழு விசாரிக்கலாம். 2003இல் அதை நீக்கிவிட்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். விலைக் கட்டுப்பாடு, பாவனையாளர் பாதுகாப்பு, போட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆனால் கம்பனிகள் இணைவதைத் தடுக்கும் அதிகாரம் புதிய சட்டத்தில் விடுபட்டுப் போனது. அது ஒரு பெரிய இழப்பு என்பது எனது எண்ணம்.

இந்த அதிகார சபையை நாம் எல்லோரும் அறிவோம். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் அரிசி விற்றால் கடையில் வந்து பிடிப்பவர்கள் அவர்கள்தான். முறைப்பாட்டு இலக்கம் 1977. (அந்த எண்ணைக் கேட்டதும் எங்கள் பகுதிப் பெரியவர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். எண் கொடுத்தவர் அதை யோசித்திருக்க மாட்டார்.) காலாவதியான பால்மாவை வாங்கினால், தரம் குறைந்த பொருளை வாங்கினால், 3 மாதத்துக்குள் முறையிடலாம். வாங்கியதற்குப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறலாம். இவை எல்லாம் வாங்குபவரின் உரிமைகள்.

கடைக்குச் சாமான் கொடுக்கும் பெண்ணுக்கு? அந்தச் சட்டத்தின் 34ஆம், 35ஆம் பிரிவுகள் போட்டியைக் கெடுக்கும் நடத்தையைப் பற்றிப் பேசுகின்றன. பொருளை உற்பத்தி செய்வது, வழங்குவது மட்டுமல்ல, பொருளைப் பெற்றுக்கொள்வதில் போட்டியைத் தடுப்பதும் அதில் அடங்கும். அதிகார சபை தானாகவோ முறைப்பாட்டின் பேரிலோ விசாரிக்கலாம். வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கடை எத்தனை நாளுக்குள் காசு கொடுக்க வேண்டும், திரும்பிய பொருளைக் காட்ட வேண்டுமா, கழிவுக்கான செலவு யாருடையது என்று அதில் ஒரு வரியும் இல்லை. 9 பக்கற் மிளகுத்தூளுக்காக நாட்டின் போட்டியே கெட்டுவிட்டது என்று ஏழு பெண்கள் எப்படி நிரூபிப்பார்கள்?

இங்கிலாந்தில் இதே பிரச்சினை பெரிய அளவில் இருந்தது. 2008இல் அங்கே போட்டி ஆணைக்குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. 2010 பெப்ரவரியிலிருந்து, பலசரக்கு விற்பனை ஆண்டுக்கு 100 கோடி பவுணுக்கு மேல் உள்ள சுப்பர் மார்க்கட்டுகளுக்கு ஒரு நடத்தைக் கோவை கட்டாயமானது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். காசைத் தாமதிக்கக் கூடாது. கொடுத்த பிறகு பின்திகதியிட்டு நிபந்தனையை மாற்றக் கூடாது. கடைக்குள் களவு போனதற்கும் காணாமல் போனதற்கும் கொடுத்தவரிடம் வெட்டக் கூடாது. வாசித்தபோது நம் குழுவின் பில்லை வைத்துக்கொண்டு எழுதியது போலிருந்தது.

கோவை இருந்தும் முறைப்பாடு வரவில்லை. காரணம் அக்கா சொன்ன அதே பயம். எனவே 2013இல் சட்டம் இயற்றி இதற்கென்றே ஒரு நடுவரை நியமித்தார்கள். முறையிட்டவர் சம்மதிக்காமல் அவர் யார் என்பதை நடுவர் வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முதலாவது நடுவர் கிறிஸ்டின் டேக்கன் என்ற பெண்மணி. அவர் டெஸ்கோ என்ற மாபெரும் நிறுவனத்தை விசாரித்து, வழங்குநர்களுக்குரிய காசை அது வேண்டுமென்றே தாமதித்தது என்று 2016 ஜனவரியில் அறிக்கையிட்டார். தண்டப்பணம் விதிக்கும் அதிகாரம் 2015இல்தான் வந்தது. தவறு அதற்கு முந்தியது. ஆகவே தண்டம் இல்லை. ஆனாலும் நிறுவனம் தன் வழக்கத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

அதிலும் குறை உண்டு. விலை எவ்வளவு என்பதில் நடுவர் தலையிடுவதில்லை. கடைக்கு நேரடியாகக் கொடுப்பவருக்குத்தான் பாதுகாப்பு. இடையில் ஒரு தரகர் நின்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் விவசாயி கோவைக்கு வெளியே. எங்கள் ஊரில் அநேகர் அந்த வெளியில் நிற்பவர்கள்தான்.

இது வெளிநாட்டு ஆடம்பரம், நமக்குச் சரிவராது என்பவர்களுக்கு நான் தேயிலையைக் காட்டுவேன். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் தமது கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார். பறித்த கொழுந்து அன்றைக்கே போக வேண்டும். நாளைக்கு நல்ல விலை வரும் என்று வைத்திருக்க முடியாது. இந்தப் பலவீனத்தை அரசு எப்போதோ புரிந்துகொண்டது. தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சூத்திரம் இருக்கிறது. விற்று வரும் தேறிய பணத்தில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. மாதாமாதம் விலை அறிவிக்கப்படுகிறது. அதிலும் நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு, தண்ணிக்கு என்று கிலோவை வெட்டும் பழக்கம் ஒழியவில்லை. நாட்கூலிக்குக் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இந்தச் சூத்திரத்தால் பயனும் இல்லை. இருந்தாலும், பெரிய வாங்குபவருக்கும் சிறிய விற்பவருக்கும் நடுவில் சட்டம் நிற்க முடியும் என்பது இந்த நாட்டிலேயே, எங்கள் மலையிலேயே நடைமுறையில் உள்ள விடயம். கொழுந்துக்கு முடியும் என்றால் மிளகுக்கு, அப்பளத்துக்கு, கருவாட்டுக்கு ஏன் முடியாது?

பக்கத்து இந்தியாவிலும் 2006இல் சிறு தொழில்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி சிறு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கியவர் அதிகம் போனால் 45 நாளுக்குள் காசு கொடுக்க வேண்டும். தவறினால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, அப்படி உரிய காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. சிறியவர் வழக்குப் பேசப் போகத் தேவையில்லை; பெரியவரின் கணக்காளரே அவரை அவசரப்படுத்துவார்.

பெரிய கடைகள் எல்லாம் தீயவை என்று நான் எழுத வரவில்லை. 1999இல் ஹங்குராங்கெத்தையில் கார்கில்ஸ் நிறுவனம் மரக்கறிச் சேகரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. தரகரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது இன்னொரு வாசல். வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின் பெரிய கடைகள் வந்தபோது, நம் பெண்களின் பொருளும் ஒருநாள் அந்த இறாக்கையில் ஏறும் என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஏறியது. ஏறிய பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் நாங்கள் யாரும் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கவில்லை. பொதி செய்யக் கற்பித்தோம், லேபல் ஒட்டக் கற்பித்தோம், சிரித்துப் பேசக் கூடக் கற்பித்தோம். ஒப்பந்தம் வாசிக்கக் கற்பிக்கவில்லை. அந்தப் பிழை என்னைப் போன்றவர்களுடையது.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதே. நானும் குழுவும் ஒரு மாலை உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு வரி எழுதினோம். எத்தனை பக்கற், என்ன விலை. எந்தத் திகதியில் காசு. திரும்பும் பொருளை எத்தனை நாளுக்குள், யாருக்குக் காட்டித் தருவது. விலைக்கழிவு என்றால் முன்கூட்டிக் கேட்பது. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. சிங்களத்தில் எழுதியவர் அந்தக் கிராமத்து அக்கா. பொருள் விற்பனை பற்றிய 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது, விற்ற பொருளுக்குக் காசு கேட்பது உரிமை. ஆனால் கேட்பதற்குக் கையில் ஒரு தாள் வேண்டும். காசு வராவிட்டால் உடனே சட்டத்தரணியைத் தேடி ஓடவும் தேவையில்லை. சிறு பணப் பிணக்குகளை மத்தியஸ்த சபைக்குக் கொண்டு போகலாம். அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, செலவும் பெரிதாக இல்லை. அங்கேயும் முதலில் கேட்பது, "எழுத்தில் ஏதும் இருக்கிறதா?" என்றுதான்.

பெரிய கடையின் மனேஜர் தாளை வாசித்துவிட்டு, "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்று திருப்பித் தந்தார். ஆனால் சாமான் இறக்கிய பிரதியில் எண்ணிக்கையும் திகதியும் போட்டுக் கையொப்பம் வைத்தார். முன்பு அதுவும் இல்லை. பிபிலையில் ஒரு நடுத்தரக் கடை முதலாளியோ முழுத் தாளிலும் கையொப்பமிட்டுவிட்டு, "இதுக்கு இவ்வளவு பயமா?" என்று கேட்டாராம். இப்போது பாதிப் பொருள் அங்கே போகிறது. விலை பக்கற்றுக்கு 10 ரூபாய் குறைவுதான். குழு அதைக் கூடிப் பேசி ஏற்றுக்கொண்டது.

பிபிலைக் காசு சென்ற முறை 31ஆம் நாள் கைக்கு வந்தது. ஒரே ஒரு பக்கற் திரும்பியிருந்தது. அதையும் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எலி கடித்த அடையாளம் மூலையில் தெளிவாகத் தெரிந்தது.