யாருடைய செலவில் உங்கள் தனிமை?

'கல்யாணம் ஆனா வாசிப்பு போச்சு' என்று இலக்கியக் கூட்டத்தின் டீ இடைவேளையில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். சொல்பவர் பெரும்பாலும் ஆண். சுற்றி நிற்பவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி தலையாட்டுவார்கள். பிறகு அறிவுரை வரும். விடிகாலை நாலரைக்கு எழுந்திரு, அறைக் கதவைச் சாத்து, போனை அணை, நாவலுக்குத் தடையில்லாத மூன்று மணி நேரம் கொடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கதவைச் சாத்திய பிறகு வெளியே குழந்தை அழுதால் யார் தூக்குகிறார்கள்?

நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். ஐந்து வயதில் ஒரு பெண், கணவர், கூடவே அத்தை. 'அன்னா கரீனினா'வை வாசித்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இரண்டு பக்கம். ஸ்கூல் வேனுக்காகக் கேட் பக்கம் நிற்கும்போது ஒரு பக்கம். ஆபீஸில் பில்ட் ஓடி முடிவதற்குள் அரைப் பக்கம். இதை 'மேலோட்டமான வாசிப்பு' என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் அதே நாவலை ஒரே வாரத்தில் முடித்தவர்.

அந்த நாவலில் ஓர் இடம் உண்டு. அன்னாவைப் பார்க்க டாலி குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுக் குதிரை வண்டியில் போகிறாள். நாலு மணி நேரப் பயணம். வீட்டில் இருக்கும்வரை யோசிக்கவே நேரம் இல்லாதவளுக்கு அத்தனை வருடத்து யோசனையும் அந்த வண்டியில் மொத்தமாக வந்து விழுகிறது. பிரசவங்கள், பாலூட்டிய ராத்திரிகள், இறந்துபோன குழந்தை, போய்விட்ட அழகு. இதுவா வாழ்க்கை, அன்னா செய்ததில் என்ன தப்பு என்றுகூட நினைத்துப் பார்க்கிறாள். இதை நான் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வாசித்தேன். எனக்கும் அந்த பஸ்தான் அந்த வண்டி. நண்பரிடம் கேட்டேன். அவருக்கு ரயில் நிலையம் ஞாபகம் இருக்கிறது, குதிரைப் பந்தயம் ஞாபகம் இருக்கிறது. டாலியின் பயணம் ஞாபகத்தில் இல்லை. யார் மேலோட்டம்?

நாவல் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டிய வடிவம் என்று யார் சொன்னது? 'அன்னா கரீனினா'வே 1875 முதல் 1877 வரை ஒரு மாத இதழில் பகுதி பகுதியாக வந்ததுதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்தது. வீட்டில் யார் முதலில் வாசிப்பது என்று சண்டை, அப்புறம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வைப்பது, இதெல்லாம் சத்தமான வீடுகளில்தான் நடந்தது. அடுத்த அத்தியாயம் வருவதற்குள் ஆறு நாள் சமையலும் துவையலும் இருந்தன. கதாபாத்திரங்கள் அந்த ஆறு நாளும் அடுப்படியில் கூடவே இருந்தார்கள். வாரக்கடைசியில் மொத்தமாக விழுங்குகிறவருக்கு இந்த சுகம் கிடையாது.

தனிமையே கூடாது என்று சொல்லவில்லை. கிடைத்தால் நானும் விடமாட்டேன். அதைத் தருவது யார் என்று மட்டும் கேட்கிறேன். டால்ஸ்டாய் 'போரும் அமைதியும்' எழுதிய 1863 முதல் 1869 வரையிலான வருடங்களில் அந்த வீட்டில் நாலு குழந்தைகள் பிறந்தன. எழுத்தாளருக்கு ஓர் அறை இருந்தது. சத்தம் அந்த அறைக்குள் போகாமல் பார்த்துக்கொண்ட சோஃபியாதான், அவர் அடித்துத் திருத்திய தாள்களை உட்கார்ந்து நல்ல பிரதியாகவும் எழுதிக் கொடுத்தார்.

நம் வீடுகளில் ஆண் புத்தகத்தை எடுத்தால் 'அப்பா படிக்கிறாரு, சத்தம் போடாதே.' பெண் எடுத்தால் 'சும்மா உக்காந்துக்கிட்டு என்ன படிப்பு?' அத்தை இருபது வருடம் வாடகை நூலகப் புத்தகங்களை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்து வாசித்தவர். பெரும்பாலும் ரமணிசந்திரன். இதைச் சொன்னால் தீவிர இலக்கிய நண்பர்களுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. பிடிபட்டால் மாமாவிடம் திட்டு வாங்கவேண்டும் என்று தெரிந்தும் ஒரு புத்தகத்தை ஒளித்துவைத்து வாசித்திருக்கிறாரே, உங்களில் எத்தனை பேர் தஸ்தயேவ்ஸ்கியை அப்படி வாசித்தீர்கள்? அவருடைய ரசனையைப் பற்றிப் பேசும் முன் அவருக்குக் கிடைத்த நேரத்தைப் பற்றிப் பேசுவோம்.

கணவர் இதை வாசித்துவிட்டு 'என்னை வில்லனாக்கிட்டியே' என்றார். இல்லை. அவர் நாவலே வாசிப்பதில்லை, அதனால் தப்பித்தார்.

புத்தகக் கண்காட்சியிலிருந்து மனைவிக்கு நாலு புத்தகம் வாங்கிப்போய்க் கொடுத்து, அவை பிரிக்கப்படாமலே கிடக்கின்றன என்று வருத்தப்படுகிற நண்பர்களே, புத்தகம் வேண்டாம். ஞாயிறு மதியம் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போங்கள். ஆறு மணிவரை திரும்பாதீர்கள். போன் பண்ணி 'டவல் எங்க இருக்கு' என்று கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அத்தை பால்கனியில், நான் ஹாலில். டால்ஸ்டாயைக் கொடுத்துப் பார்த்தேன். 'பேரெல்லாம் குழப்புதும்மா' என்று முப்பதாவது பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ரமணிசந்திரன்தான் ஓடுகிறது, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இல்லை, மடியில்.