பாலாற்றுப் பகுதியின் மழை, நீர்த் தரவுகள்: நிலைப்பாட்டு அறிக்கை

பாலாற்றுப் பகுதியில், திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள ஜோலார்பேட்டை வட்டாரத்தின் மழை, நிலத்தடி நீர், குடிநீர் பற்றிய தரவுகள் பல துறைகளிடம் சிதறிக் கிடக்கின்றன. மழையளவை வானிலை ஆய்வுத் துறையும் வருவாய்த் துறையும் பதிகின்றன. கிணறுகளின் நீர்மட்டத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையும் அளக்கின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் கணக்கு குடிநீர் வடிகால் வாரியத்திடமும், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் அளவீடுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் உள்ளன. இவை அனைத்தையும் ஒரே இடத்தில், பிர்கா (வருவாய் உள்வட்டம்) வாரியாக, தமிழில், கட்டணமின்றி வெளியிட வேண்டும் என்பதே இவ்வறிக்கையின் நிலைப்பாடு.

இதன் தேவையை 2019 காட்டியது. அவ்வாண்டு ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் ரயில் ஜோலார்பேட்டையிலிருந்து குடிநீர்த் தட்டுப்பாடு நிலவிய சென்னைக்குப் புறப்பட்டது. உள்ளூர்க் குடிநீர் குறையும் என்று எதிர்ப்பு எழுந்தது. பாதிப்பு வராது என்றது அரசு. சென்னை ஏரிகளின் இருப்பு நாள்தோறும் வெளியாகிறது. தண்ணீர் கொடுத்த ஊரின் வழங்கல் கணக்கும் அப்படி வெளியாகியிருந்தால் இரு தரப்பும் ஒரே எண்ணை வைத்துப் பேசியிருக்க முடியும்.

தரவைத் தேடுவோருக்கு மூன்று தடைகள் உண்டு. முதலாவது, மாவட்டப் பெயர். 1989 வரை வட ஆற்காடு, பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், பின்னர் வேலூர், 2019 நவம்பர் முதல் திருப்பத்தூர் எனப் பெயரும் எல்லையும் மாறின. காலநிலைச் சராசரிக்கு 30 ஆண்டு மழைக்கணக்கு வேண்டும். அதைப் பழைய மாவட்டங்களின் பதிவேடுகளிலிருந்துதான் கோக்க வேண்டும். இரண்டாவது, சராசரி. ஏலகிரி மலையின் மழையும் அடிவார ஊர்களின் மழையும் மாவட்டச் சராசரியில் கலந்துவிடுகின்றன. மூன்றாவது, நீரின் தரம். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் கிணற்றில் நீர் இருப்பதாலேயே அது குடிக்கத் தகுந்ததாகிவிடாது. தோல் ஆலைக் கழிவால் நீரை மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் இதே மாசு குறித்துக் கண்காணிப்புக் குழு அமைக்க உத்தரவிட்டது.

எனவே வேண்டப்படுபவை:

1. மழையளவும் குடிநீர் வழங்கலும் நாள்தோறும், நீர்மட்டம் மாதந்தோறும் வெளியாக வேண்டும்.
2. நீர்மட்டத்துடன் உப்பளவும் (டி.டி.எஸ்.) குரோமிய அளவும் சேர்ந்திருக்க வேண்டும்.
3. வட ஆற்காடு, வேலூர் காலப் பதிவுகள் இன்றைய பிர்கா எல்லைக்கேற்பத் தொகுக்கப்பட வேண்டும்.
4. அளவு எடுக்காத நாள் வெற்றிடமாகவே காட்டப்பட வேண்டும். மழைமானி இடம் மாறினால் குறிப்பிட வேண்டும்.
5. வட்டாரத்துக்கு வெளியே நீர் கொண்டுசெல்லும் முன் மூலத்தின் இருப்பும் உள்ளூர் வழங்கலும் அறிவிக்கப்பட வேண்டும்.

கேட்காமலே தகவல் வெளியிடும் கடமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு பொது அமைப்புகள்மீது வைத்திருக்கிறது. அளவீடுகள் ஏற்கெனவே எடுக்கப்படுவதால் கூடுதல் செலவு பெரும்பாலும் தொகுப்புப் பணிக்கே ஆகும். அந்தப் பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். தனியார் கிணற்று உரிமையாளர்களின் பெயர்களை வெளியிடத் தேவையில்லை.