அந்தமானுக்குப் போகிறவர்களுக்கு

நம் பாட்டனார் காலத்தில் "அந்தமானுக்குப் போனான்" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தந்தான் உண்டு. கையிலும் காலிலும் விலங்கு. கரையிலே நின்று கதறும் பெண்டு பிள்ளைகள். போனவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை யாருக்குமே கிடையாது. 'தீவாந்தர சிட்சை' என்ற சொல் அவ்வளவு பயங்கரமானது. இன்றைக்கோ, புதிதாகக் கல்யாணமான தம்பதிகள் சொந்தச் செலவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு சிரித்த முகத்துடன் அந்தமானுக்குப் புறப்படுகிறார்கள்! காலையில் சென்னையில் காப்பி சாப்பிட்டுவிட்டு ஆகாய விமானம் ஏறினால் பகல் போஜனத்தை அங்கே முடித்துக் கொள்ளலாம். பொறுமைசாலிகளுக்குக் கப்பல் இருக்கிறது. சுமார் மூன்று நாள் பிரயாணம்.

அங்கே போய்ப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, எப்படிப் பார்ப்பது என்று நேயர்கள் கேட்பதுண்டு. முதற் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

சென்னைக்குக் கிழக்கே சுமார் 1,300 கிலோ மீட்டர் தூரத்தில், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் 500-க்கு மேற்பட்ட தீவுகளின் கூட்டமே அந்தமான் நிக்கோபார். மனிதர் குடியிருக்கும் தீவுகள் 40-க்கும் குறைவு. மற்றவை காட்டுக்கும் பறவைக்கும் சொந்தம். நாம் பள்ளிக்கூடத்தில் 'போர்ட் பிளேர்' என்று படித்த தலைநகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரிட்டார்கள். பிரயாணிகள் அதிகமாக நாடிச் செல்லும் இரண்டு தீவுகளுக்கு 2018 வரையில் ஹாவ்லக், நீல் என்று பெயர். இருவரும் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய வெள்ளைக்காரத் தளபதிகள். நீல் துரை சென்னைக்கும் பழக்கமானவர். மவுண்ட் ரோட்டில் நின்ற அவருடைய சிலையை அகற்ற வேண்டுமென்று 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் பலர் சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரி சபை அமைந்த பிறகுதான் சிலை பொருட்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே கிளர்ச்சியில் பிடிபட்டவர்களைத்தான் 1858 மார்ச்சு மாதத்தில் முதன்முதலாக அந்தமானில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் காடு வெட்டிய தீவுகளுக்குப் பக்கத்திலேயே, அவர்களுடைய தோழர்களைத் தூக்கிலிட்டவரின் பெயரைச் சுமந்த தீவு! 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி அங்கே மூவர்ணக் கொடியை ஏற்றி, ஷஹீத், ஸ்வராஜ் என்ற பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினார். எழுபத்தைந்து ஆண்டு கழித்து, அதே தேதியில், ஹாவ்லக் ஸ்வராஜ் தீவாகவும் நீல் ஷஹீத் தீவாகவும் மாறின.

ஆகையால் தலைநகரில் இறங்கியதும் செல்லுலர் ஜெயிலைப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பார்ப்பதே முறை. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறைக்கு ஏழு சிறகுகள் இருந்தன, மூன்றே மிஞ்சியிருக்கின்றன. ஓர் அறைக்கு ஒரே ஆள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருக்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணக்கூடாது என்பதற்காகவே ஒரு சிற்ப சாஸ்திரம்! அதன் மேல்மாடியில் ஏறி நின்றால், நீலமும் பச்சையும் கலந்த கடல் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகிறது. அந்தக் கடலுக்குள் இறங்குவோம்.

"எனக்கு நீச்சலே தெரியாதே!" என்று கவலைப்பட வேண்டாம். நீச்சல் தெரியாதவரையும் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து சுமார் 10 மீட்டர் ஆழம் வரை அழைத்துச் செல்கிறார். முதுகிலே காற்றடைத்த உருளை, வாயிலே குழாய், கண்ணுக்குக் கண்ணாடி. அந்த ஆழத்தில் நம்மீது அமுங்கும் பாரம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே மூன்று விதிகள்: மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது; இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சரி செய்துகொண்டே போகவேண்டும்; மேலே வரும்போது அவசரப்படக்கூடாது. இருதய நோய், ஆஸ்துமா, காதுக் கோளாறு உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும். கடலில் இறங்கிய பிறகு ஒரு முழு நாள் கழித்தே விமானம் ஏறுவது நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். முதலைகள் நடமாடுவதாக எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் கரையில் மட்டும் வீரத்தைக் காட்ட வேண்டாம்.

உள்ளே போனதும் முதலில் ஓர் ஆச்சரியம். மேலே செக்கச்செவேலென்று இருந்த துணி சில மீட்டர் ஆழத்திலேயே சாம்பல் நிறமாகிவிடுகிறது. சூரிய ஒளியில் உள்ள சிவப்பை நீர் முதலிலேயே விழுங்கிவிடுவதுதான் காரணம். கை விளக்கைப் பொருத்தியதும், மங்கலாய்க் கிடந்த பாறை குங்குமமும் மஞ்சளும் கொட்டினாற்போல் ஜொலிக்கிறது. அந்தப் பாறைதான் பவழம்.

பவழத்தைக் கல் என்று நினைப்பவர் அநேகர். அது உயிருள்ள ஜந்துக்களின் குடியிருப்பு. கடுகளவிலிருந்து விரலளவு வரை உள்ள சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொண்டு லட்சக்கணக்கில் கூடி வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள்ளே இன்னும் சிறிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைக்கொண்டு உணவு சமைத்துத் தருகிறது. பவழம் அதற்கு இருக்க இடம் தருகிறது. வாடகைத் தகராறு கிடையாது. இந்தக் குடித்தனத்தை நம்பித்தான் மற்றக் கூட்டம் அத்தனையும் இருக்கிறது. கொட்டும் விரல்களையுடைய கடற்சாமந்திக்குள் பயமின்றிப் படுத்திருக்கும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன். பெரிய களவா மீன் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க, அதன் வாய்க்குள்ளே புகுந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்துவிட்டுப் பத்திரமாக வெளியே வரும் விரல் நீள மீன். பவழத்தைக் கடித்து அரைக்கும் கிளி மீன். இந்தக் கிளி மீன் அரைத்து வெளியே விடும் சுண்ணாம்புதான் கரையிலே வெண்மணலாகச் சேர்கிறது. நிலவொளியில் அந்த மணலில் உட்கார்ந்து காவியம் பேசும் காதலர்களிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்.

இவ்வளவையும் கண்டதும் நம்மவர் கை சும்மா இருக்கிறதா? மனிதரை மனிதர் தொடாமல் இருக்கும் வித்தையை இந்த நாட்டில் பல நூற்றாண்டு காலம் வெட்கமில்லாமல் பழகினோம். உண்மையாகவே தொடக்கூடாத பவழத்தின் விஷயத்தில் மட்டும் அந்த வித்தை மறந்துபோகிறது! உருண்டைப் பவழம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆளுயரம் நிற்கும் ஒரு பவழக் குன்று, செல்லுலர் ஜெயிலுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே வளரத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு காலை ஊன்றினால், நூறாண்டு வேலை ஒரு நிமிஷத்தில் நொறுங்கிவிடும்.

பவழத்துக்கு வேறு கஷ்டங்களும் உண்டு. கடல் நீரின் வெப்பம் சற்று அதிகமாகி அப்படியே சில வாரம் நீடித்தால், அது தன்னுள்ளே இருந்த பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. வெப்பம் தணியாவிட்டால் பட்டினி கிடந்து மடிகிறது. 1998-லும் 2010-லும் 2016-லும் அந்தமானில் அவ்வாறு வெளுத்தது. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தின்போது வட அந்தமான் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, ஆழமற்ற பவழத் திட்டுகள் வெயிலில் காய்ந்து இறந்தன. அதே பூகம்பத்தில் தெற்கே நிக்கோபாரின் கடைக்கோடி சுமார் நாலு மீட்டர் தாழ்ந்து போயிற்று. பூமியின் கோபத்தை நாம் தடுக்க முடியாது. நம்முடைய காலையும் கையையும் தடுக்கலாம் அல்லவா?

கரையேறிக் காட்டைப் பார்ப்போம். நார்கொண்டம் என்ற தீவின் பரப்பு 7 சதுர கிலோ மீட்டர்கூட இல்லை. அங்குள்ள இருவாட்சிப் பறவை உலகில் வேறெங்குமே கிடையாது. நிக்கோபாரில் ஒரு பறவை அடைகாப்பதில்லை. மணலையும் சருகையும் குவித்து அதற்குள் முட்டையிட்டு, சருகு மக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே குஞ்சு பொரிக்கவிடுகிறது. நம் ராமநாதபுரக் கடலோர மீனவர்கள் 'ஆவுளியா' என்று சொல்லும் கடற்பசு இங்கேயும் கடற்புல் மேய்கிறது. முதுகில் ஓட்டுக்குப் பதிலாகத் தடித்த தோலைப் போர்த்திய, உலகத்திலேயே பெரிய கடலாமை இங்குள்ள கரைகளில் இரவில் வந்து முட்டையிடுகிறது. சின்ன அந்தமானில் முட்டையிட்ட ஆமைகளின் முதுகில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப்பக்கமும், சில ஆப்பிரிக்காவின் பக்கமும் நீந்திச் சென்றது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் சுற்றினாலும் முட்டையிடும் கரையை அது மறப்பதில்லை.

பெரிய நிக்கோபாரில் காலத்தியா விரிகுடா அந்த ஆமைகளுக்கு முக்கியமான பிறந்தகம். அங்கேதான் பெருந்துறைமுகமும், அதையொட்டி விமான நிலையமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கப்பல் பாதைக்கு அருகில் இருப்பதாலும் தேசப் பாதுகாப்புக்காகவும் இது தேவை என்கிறது அரசாங்கம். தேசத்துக்குத் துறைமுகம் வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆனால் இதற்காகச் சுமார் 130 சதுர கிலோ மீட்டர் காடு கைமாறுகிறது. அதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவது என்று ஏற்பாடு. நிக்கோபார் மழைக்காட்டின் நஷ்டத்தை ஹரியானாவின் வறண்ட பூமியில் ஈடுகட்டுவது, வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டு அடுத்த ஊரில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் போன்றதாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தத் தீவுகளுக்கு நாம் போவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே குடியேறியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வெள்ளையர் 1858-ல் வந்தபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தனர். வந்தவர்கள் கொணர்ந்த நோய்களாலும் துப்பாக்கியாலும் குறைந்து குறைந்து, 1961-ல் எஞ்சியவர் 19 பேர். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான 'போ' மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார். கடைசி ஆண்டுகளில், தன் தாய்மொழியில் பேசுவதற்கு உலகத்தில் அவருக்கு ஒருவர்கூட இல்லை.

ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவி ஒரு சாலை போகிறது. அவர்களை வேடிக்கை பார்ப்பதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு போனவர்களும், உணவுப் பொருளைக் காட்டி ஆடச் சொன்னவர்களும் உண்டு. 2012-ல் அந்தக் காட்சியைப் படமாக்கியது வெளிவந்து தேசமே தலை குனிந்தது. பிறர் முன்னால் நம் சகோதரிகளை அப்படி நிறுத்தினால் நாம் பொறுப்போமா? அவர்களைப் படமெடுப்பதும், அவர்களுக்கு எதையாவது கொடுப்பதும் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது குற்றமே. பாராட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தச் சாலையைத் தவிர்த்துக் கடல் வழியே போகலாம்.

குடும்பத்துடன் போகிறவர்கள் வண்டூருக்கு அப்பாலுள்ள ஜாலி பாய் தீவைக் கட்டாயம் பார்க்கவேண்டும். 1983-ல் ஏற்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசீயப் பூங்காவைச் சேர்ந்தது அது. நீரில் இறங்க அஞ்சும் பாட்டியும் கண்ணாடி பதித்த படகிலிருந்தே பவழத்தைப் பார்க்கலாம். அங்கே பிளாஸ்டிக் எடுத்துச் செல்லக் கூடாது. பையைத் திறந்து காட்டச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது, வரவேண்டாம். ஆண்டில் ஒரு பகுதியில் இந்தத் தீவுக்கு விடுமுறை. அப்போது ரெட் ஸ்கின் என்ற வேறொரு தீவுக்கு அழைத்துப் போவார்கள். நாள்தோறும் வருகிற விருந்தாளிகளிடமிருந்து அந்தப் பவழத்துக்கும் மீனுக்கும் சில மாத ஓய்வு. நம் வீட்டுக் குழந்தைகள் பெரியவர்களாகி, அவர்களும் தங்கள் குழந்தைகளைக் கண்ணாடிப் படகில் அழைத்துச் செல்லும்போது, அடியிலே பார்ப்பதற்கு ஏதாவது இருக்கவேண்டும். அதற்காக நம்மிடம் கேட்பது, படகில் இருக்கிற வரையில் கையை மடிமேல் வைத்துக்கொள்வதுதான்.