காருக்கு எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி: டெலிவரி நாளிலேயே வாங்கணுமா?

புது கார் பில்லில் இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் வரிசையில் சத்தமில்லாமல் இன்னொரு தொகையும் உட்கார்ந்திருக்கும்: எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி. “எல்லாரும் போடுறாங்க சார்” என்பார் ஷோரூம் ஊழியர். அவசரம் வேண்டாம். கம்பெனி வாரன்ட்டி முடிவதற்குள் வாங்கிக்கொள்ள பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. தாமதித்தால் விலை கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது, கம்பெனியே தரும் காலம் எவ்வளவு என்பதை. மாருதி சுசுகி 2024 ஜூலையில் தன் வாரன்ட்டியை 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. என்பதிலிருந்து, 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என உயர்த்தியது. இரண்டில் எது முந்துகிறதோ அதோடு சரி. வருஷத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 24,000-லேயே கதை முடிந்துவிடும். அந்த 1 லட்சம் அவருக்கு வெறும் அலங்காரம்!

மூன்று, நான்கு வருஷத்தில் காரை விற்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. ஆறேழு வருஷம் வைத்திருப்பவர், அதுவும் டர்போ இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார் என்றால் வாங்கலாம். அவற்றில் ஒரு ரிப்பேர் வந்தாலே கட்டிய பணத்தைத் தாண்டிவிடும்.

பலர் ஏமாறும் இடம் வேறு. பிரேக் பேட், கிளட்ச், டயர், வைப்பர் எல்லாம் தேய்மானக் கணக்கு; பொதுவாக வாரன்ட்டியில் வராது. ஆயில் மாற்றுவதற்கும் தனி சர்வீஸ் பேக்கேஜ்தான். கம்பெனி சர்வீஸைத் தவறவிட்டால் க்ளெய்ம் மறுக்கப்படலாம் என்பதால், தெருமுனை மெக்கானிக்கையே நம்புகிறவர்கள் இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.