பெயர் தெரியாத கார்பன் சக்கரம் நம் கடைக்கு வேண்டாம்

சைக்கிள் உதிரிபாகம் விற்கும் நம் அங்கத்தினர் கடைகளில் சில காலமாக ஒரு புதுச் சரக்கைப் பற்றிய விசாரிப்பு அதிகமாகி வருகிறது. ரோடு பைக் என்று சொல்லப்படும் வளைந்த கைப்பிடி வைத்த ரேஸ் சைக்கிளுக்குக் கார்பன் சக்கரம் கிடைக்குமா என்று கேட்டு வருகிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள், என்ஜினீயர்கள், நல்ல சம்பளத்தில் இருக்கும் இளைஞர்கள். பெயர் பெற்ற கம்பெனிச் சரக்கு ஒரு ஜோடி லட்ச ரூபாயையும் தாண்டுகிறது. ட்யூபும் பிரேக் கட்டையும் விற்றுப் பத்துக்கும் இருபதுக்கும் லாபம் பார்த்த நமக்கு இந்தத் தொகை கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். வியாபாரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தயாரித்தவர் யார் என்று தெரியாத கார்பன் சக்கரத்தை நம்மில் எவரும் கடையில் வைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

நாம் பழகிய 28 அங்குல ஸ்டீல் ரிம்மை எடுத்துக்கொள்வோம். முன்னால் 32, பின்னால் 40 போக்ஸ் கம்பி. பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும். பெண்டு எடுத்தால் மறுபடி ஓடும். கெட்டுப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கெடுகிற சரக்கு அது. கார்பன் ரிம் அப்படியல்ல. கார்பன் இழைத் துணியைப் பல அடுக்காக அச்சில் வைத்து, ரெசின் என்னும் பசையோடு சூட்டில் அழுத்திச் செய்வது. எடை குறைவு, விறைப்பு அதிகம், வேண்டிய வடிவத்தில் வார்க்கலாம். ஆனால் அது வளையாது, விரியும். அடுக்குக்குள் மடிப்பு விழுந்திருக்கிறதா, பசை எல்லா இடத்திலும் இறங்கியிருக்கிறதா என்பதெல்லாம் மேல்பூச்சுக்கு அடியில் மறைந்துவிடும். நாற்பது வருஷம் ரிம் விற்ற நானே நல்லதையும் கெட்டதையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. பருப்பையும் மிளகாயையும் போலக் கையால் தடவி மதிப்பிடக்கூடிய சரக்கல்ல இது. தயாரித்தவன் தன் ஆலையில் சோதித்துப் பார்த்தானா என்பதுதான் தரம்.

சரக்கு நல்லதாகவே இருந்தாலும் ஆளுக்கும் சைக்கிளுக்கும் பொருந்த வேண்டும். முதலில் கேட்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. ரிம்மையே இரண்டு பக்கமும் பிடிக்கிற பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா? மலையிலிருந்து இறங்கும்போது ரிம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் உராய்வுச் சூடு முழுவதும் ரிம்மில்தான் சேரும். அலுமினியம் அந்தச் சூட்டைச் சீக்கிரம் காற்றில் விட்டுவிடும். கார்பன் விடாது. ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் பசை இளகி, பிரேக் பிடிக்கும் பக்கச் சுவர் உருக்குலையும். டியூப் வெடிப்பதும் உண்டு. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டில் 20. இவற்றில் இறங்குகிறவருக்கு ரிம் பிரேக் சைக்கிள் என்றால், நல்ல அலுமினியச் சக்கரம் கொடுத்து அனுப்புங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சமவெளியில் மட்டும் ஓட்டுவேன் என்று அடம் பிடிப்பவருக்குக் கார்பனுக்கென்றே உள்ள பிரேக் கட்டையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையை இதில் மாட்டக் கூடாது. அதில் பதிந்திருக்கும் அலுமினியத் துகள் கார்பனை அரித்துவிடும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. 2018 முதல் சர்வதேச சைக்கிள் சங்கமே ரோடு பந்தயங்களில் அதை முறைப்படி அனுமதித்துவிட்டது.

அடுத்தது டயர். இப்போது வரும் பல கார்பன் ரிம்களில் டயரின் ஓரத்தைக் கவ்வுகிற கொக்கி விளிம்பு கிடையாது. ஹூக்லெஸ் என்கிறார்கள். இதில் காற்று 5 பார், அதாவது சுமார் 72 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. டயர் கம்பெனியும் அந்த டயர் ஹூக்லெஸ் ரிம்முக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். நம் ஊரில் ரேஸ் சைக்கிள் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும் என்று நூறு, நூற்றிருபது பவுண்டு அடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. மெல்லிய 23 மில்லிமீட்டர் டயர் காலத்துப் பழக்கம் அது. ஹூக்லெஸ் ரிம்மில் அப்படி அடித்தால் டயர் கழன்று ஆள் விழுவார். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஜென்ட் விழுந்தபோது ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து டயர் கழன்று கிடந்ததை உலகமே படத்தில் பார்த்தது. கல்லில் மோதியதால்தான் என்று ஒரு தரப்பு சொன்னது. காரணம் எதுவாயினும், மெக்கானிக்குகள் கூடவே வருகிற பந்தயத்தில் அந்த நிலை. நம் கடையில் அளவு காட்டாத பம்பால் காற்றடித்து அனுப்புகிறோம். அவசியம் கேஜ் வைத்த பம்பு ஒன்று வாங்கி வையுங்கள்.

அச்சு எந்த வகை, பின் பல்சக்கரம் எந்தக் கம்பெனி அளவு, டிஸ்க் தகடு ஆறு போல்ட்டா சென்டர்லாக்கா என்பவற்றையும் சைக்கிளை நேரில் பார்த்தே ஆர்டர் போடவும். இதில் தவறினால் சரக்கு திரும்பி வரும், அவ்வளவுதான்.

ரிம்மின் ஆழத்தில்தான் இளைஞர்களுக்கு மயக்கம். ஐம்பது, அறுபது மில்லிமீட்டர் ஆழம் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்றைக் கிழிப்பதில் பலனும் உண்டு. ஆனால் பக்கக் காற்று அடித்தால் முன் சக்கரத்தைப் பாய்மரம் போல் தள்ளும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. எடை குறைந்த ஆளுக்கு அந்தச் சாலையில் ஆழச் சக்கரம் ஆகாது. காலையில் இருபது, இருபத்திரண்டு வேகத்தில் போய் டீ குடித்துவிட்டு வருகிறவருக்கு நல்ல டயர் ஒரு ஜோடி போதும். செலவில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது, வித்தியாசமும் தெரியும். சக்கரத்தில் குறைகிற முந்நூறு, நானூறு கிராமை ஆளும் சைக்கிளும் சேர்ந்த எண்பது கிலோவோடு ஒப்பிட்டுச் சொன்னால் பலர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறார்கள்.

தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று. அலுமினியம் கார்பனோடு ஒட்டியிருந்து உப்புக் காற்றும் பட்டால் வெகு வேகமாக அரிக்கும். ஆகவே பித்தளை நிப்பிள் போட்ட சக்கரமாகக் கேட்டு வாங்கவும். சில கிராம் கூடினால் கூடட்டும்.

இனி பெயரில்லாச் சரக்குக்கு வருகிறேன். பக்கத்து ஊர்ச் சில்லறை வியாபாரி ஒருவர் சென்ற வருஷம் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, எழுத்தே இல்லாத கறுப்புச் சக்கரம் பாதி விலைக்கு வருது. ஸ்டிக்கர் தனியா வாங்கி ஒட்டிக்கலாம்" என்றார். "தம்பி, ஸ்டிக்கரை ஒட்டுறது நீ. நாளைக்கு ஒருத்தன் விழுந்தா கோர்ட்டுல நிக்கிறதும் நீதான்" என்றேன். மிரட்டுவதற்காகச் சொன்னதல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. அதன் 86-ஆம் பிரிவை ஒவ்வொரு வியாபாரியும் படித்திருக்க வேண்டும். தயாரித்தவர் யாரென்று அறிய முடியாவிட்டாலும், அவருக்கு நோட்டீஸ் சார்பு செய்ய வழியில்லாவிட்டாலும், அவர் நம் நாட்டுச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தாலும், பொருளால் வந்த கேட்டுக்கு விற்றவர் பொறுப்பாளி ஆகலாம். தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனால் கேடு வந்தாலும் அப்படியே. பாதி விலைச் சரக்கில் கிடைக்கிற லாபம் எத்தனை வருஷத்து வக்கீல் செலவுக்குக் காணும்?

சீனச் சரக்கெல்லாம் மோசம் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகத்துக் கார்பன் ரிம்களில் பெரும்பகுதி சீனாவிலும் தைவானிலும்தான் தயாராகிறது. சொந்தப் பெயரில், வரிசை எண்ணோடு, உத்தரவாதச் சீட்டோடு, ஆள் எடை வரம்பும் காற்று வரம்பும் அச்சிட்டு விற்கிற கம்பெனிகள் அங்கேயும் இருக்கின்றன. இந்தியாவில் பில் போட்டுக் கொடுக்கிற இறக்குமதியாளர் மூலம் அவற்றை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பில்லில் மாடலையும் வரிசை எண்ணையும் எழுதி, பிரேக் வகை, காற்று அளவு, எடை வரம்பு மூன்றையும் தமிழில் அச்சிட்ட சீட்டு ஒன்றை வாங்குபவரிடம் கொடுத்துக் கையெழுத்துப் பெறும் முறையை நம் சங்கமே வகுத்துத் தரலாம். அந்தச் சீட்டின் மாதிரி ஒன்றைத் தயாரித்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சைக்கிள் பிரிவு அங்கத்தினர்கள் அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு முன் அதைப் பார்த்து, திருத்தம் இருந்தால் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.