வாயில்லா ஜீவனுக்கும் கத்திரி வெயில்தான்!

கத்திரி வெயில் வந்துவிட்டால் நமக்கு நுங்கு, இளநீர், தர்பூசணி, ஏ.சி. என எத்தனையோ வழிகள். வீட்டு நாய்க்கு இருப்பதோ நாக்கு ஒன்றுதான். பாதத்தின் மெத்தைப் பகுதியைத் தவிர, நம்மைப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் மூச்சுப்பாதையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும். உடல் குளிர்வது பெரும்பாலும் அப்படித்தான். காற்றிலேயே ஈரப்பதம் நிறைந்திருந்தால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். அதனால், 'வேலூர் அளவுக்கு இங்கே வெயில் இல்லையே' என்று சென்னை, கடலூர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் பெர்ஷியன் பூனைகளுக்கும் கஷ்டம் இன்னும் அதிகம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 104-ஐத் தாண்டினாலே ஆபத்து. 106-ஐ நெருங்கினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம். நிழலில் படுக்க வைத்தும் இரைப்பு அடங்கவில்லையா? எச்சில் கெட்டியாக வழிகிறதா? ஈறு செக்கச்செவேலென்று இருக்கிறதா? நடை தள்ளாடுகிறதா? 'கொஞ்ச நேரம் பார்க்கலாம்' என்று காத்திருக்காதீர்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அவசரம்தான்.

அந்த நேரத்தில் பலரும் ஈரத்துண்டைப் போர்த்தி, அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறுவார்கள். சில நிமிடங்களில் அந்தத் துண்டே சூடேறி, வெப்பத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் குளிர வையுங்கள், பிறகு கிளம்புங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஃபேன் காற்று படச் செய்யுங்கள். ஐஸ் தேடி ஓட வேண்டியதில்லை. ஆனால், மே மாத மதியத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும். குழாயைத் திறந்து அப்படியே ஊற்றிவிடாமல், வீட்டுக்குள் பிடித்து வைத்த தண்ணீரை எடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். போகும் வழியிலும் ஜன்னல் திறந்திருக்கட்டும். எழுந்து நடந்துவிட்டாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

வாக்கிங் அதிகாலையில் போதும். சூரியன் மறைந்த பிறகும் தார்ச்சாலை நெடுநேரம் சுடும். புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு விநாடி உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. 'அஞ்சு நிமிஷம்தானே' என்று காருக்குள் விட்டுப் போவது கூடவே கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும், வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்றால் பத்தே நிமிடத்தில் உள்ளே 45 டிகிரியைத் தொட்டுவிடும். மேற்குப் பார்த்த பால்கனியில் கட்டிப்போடுவதும் கிட்டத்தட்ட அதே கொடுமைதான். ஹஸ்கிக்கு ரோமத்தை ஒட்ட மழிக்காதீர்கள், வெயில் தோலில் நேராக இறங்கும். சீவி, உதிர்ந்த முடியை எடுத்தாலே போதும். விதை நீக்கிய தர்பூசணி தரலாம். திராட்சை வேண்டாம், நாய்க்கு அது விஷம்.

தெரு ஜீவன்களை யார் பார்ப்பது? அந்தக் காலத்தில் ஊர்க்கிணற்றருகே மாடுகள் குடிக்கக் கல் தொட்டி இருக்கும். சில ஊர்களில் அவை முதுகு தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக்கல்லும் நட்டிருப்பார்கள். இன்று வாசலில் ஒரு கிண்ணம் வைக்கவே அபார்ட்மென்ட்டில் பஞ்சாயத்து! ஆட்கள் நடமாடும் கேட்டருகே வைக்காமல், மரத்தடியிலோ சுவரோர நிழலிலோ வையுங்கள், பாதி வம்பு குறையும். மண் சட்டி அல்லது சிமென்ட் தொட்டி நல்லது. எவர்சில்வர் சூடாகிவிடும். தினமும் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். விட்டால் டெங்கு கொசுவுக்குத்தான் அது தொட்டில். காக்கை, குருவிக்கு ஆழமில்லாத தட்டு, நடுவில் நின்று குடிக்க ஒரு கல்.

இன்னொன்று, மதியத்தில் நாயும் பூனையும் நிழலுக்காகக் காருக்கு அடியில்தான் படுத்திருக்கும். வண்டியை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டி, குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.