அமைதிப்படை அனுப்புமுன் கேளுங்கள்!

அமைதிப்படை என்று பெயர் சூட்டினால் அமைதி வந்துவிடுமா?

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். துப்பாக்கி ஏந்தி நின்ற விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. அவர்களிடம் ஆயுதம் வாங்கும் வேலையோ இந்தியப் படையின் தலையில் விழுந்தது. அக்டோபரில் போரே மூண்டது. நடுவில் நிற்கப் போன படை ஒரு தரப்பாகிவிட்டது. அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்தபோது டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். 1989-ல் பிரேமதாசா அரசே வெளியேறச் சொன்னது. 1990 மார்ச்சில் படை திரும்பியது. ஆயிரத்துக்கும் அதிகமான ஜவான்கள் திரும்பவில்லை.

ஐ.நா. படைக்கும் சங்கடம் இதுவே. மாலி நாட்டு அரசு வேண்டாமென்றதும் 2023-ல் அது வெளியேறியது. சண்டை ஓயவில்லை.

சண்டையிடுவோர் அனைவரும் சம்மதித்தார்களா? படைக்கு என்ன வேலை? எப்போது திரும்பும்? தவறு செய்தால் யார் விசாரிப்பது? படை புறப்படுமுன் நாடாளுமன்றத்தில் இதற்கெல்லாம் பதில் வேண்டும்.

நம் ஜீவனஹள்ளிக்குப் பக்கத்து அல்சூரில்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை மையம் இருக்கிறது. பட்டாளத்தில் சேருவது ஏழை வீட்டுப் பிள்ளை. போன இடத்தில் குண்டடிபட்டுச் சாவதும் ஏழைகளே. ஆகவே தோழர்களே, கேள்வி கேட்கும் உரிமை முதலில் நமக்கே!